வண்டி இழுக்கலையா? கண்டுபிடிக்கிறதுக்கும் கூலி குடுங்க

பழைய வண்டி வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வசனம் கண்டிப்பா வரும்: "முன்ன மாதிரி பிக்கப் இல்லைங்க." சொல்லி வாய் மூடறதுக்குள்ள பக்கத்துல நிக்கிற நாலு பேர் நாலு வைத்தியம் சொல்லிடுவாங்க. ஒருத்தர் பிளக்கை மாத்தச் சொல்வார். இன்னொருத்தர் பெட்ரோல் பம்ப் வீக் என்பார். மூணாவது ஆள் கார்புரேட்டரைக் கழட்டி ராத்திரி முழுக்க ஊறப் போடச் சொல்வார். நாலாவது ஆள் ஞானி. "வித்துத் தொலைச்சுட்டுப் புதுசு எடுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவார்.

இந்த நாலு பேருமே வண்டியை ஒரு தடவைகூட அளந்து பார்த்திருக்க மாட்டாங்க. இந்தப் பதிவோட பிராது அதுதான்.

என் கட்சி இவ்வளவுதான். இழுவை குறையறதுங்கறது ஒரு நோய் இல்லை, நோயோட அறிகுறி. காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் வந்த ஆளுக்கு ரத்தப் பரிசோதனைகூடப் பண்ணாம வரிசையா நாலு ஆபரேஷன் பண்ணினா ஒத்துக்குவோமா? ஆனா வண்டிக்கு அதைத்தான் பண்றோம். அதுக்குக் காரணம் மெக்கானிக் மட்டும் இல்லை, நாமும்தான். நம்ம ஊர்ல பார்ட்ஸுக்குக் காசு குடுக்கிறோம், கழட்டி மாட்டற கூலிக்கும் முணுமுணுத்துட்டே குடுக்கிறோம். என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிற வேலைக்கு மட்டும் குடுக்கிறதே இல்லை. அதனால பார்ட்ஸ் மாறிட்டே இருக்கு, கோளாறு இருந்த இடத்துலயே இருக்கு.

ஒரு வேன் பட்ட பாடு

எங்க தெருவுல ஒரு சமையல் மாஸ்டர் இருக்கார். மேட்டுப்பாளையத்தைச் சுத்தி காதுகுத்து, வளைகாப்பு, சின்னக் கல்யாணம்னு ஆர்டர் எடுத்துச் செய்யறவர். அண்டா, கேஸ் அடுப்பு, கூட ரெண்டு மூணு ஆள், எல்லாம் ஏத்திட்டுப் போக ஒரு பெட்ரோல் வேன். 2004 மாடல், மூணு சிலிண்டர். கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்டர் வச்ச எம்.பி.எஃப்.ஐ. வண்டி. கம்பெனி பேர் எதுக்கு? இருபது வருஷம் ஓடினா எந்தக் கம்பெனி வண்டிக்கும் வர்ற சமாச்சாரம்தான்.

சமவெளியில வண்டி ஒழுங்கா ஓடும். கோத்தகிரி ரோட்டுல முதல் ஏத்தம் வந்ததுமே செகண்ட் கியர்ல மூச்சு வாங்கும், ஃபர்ஸ்ட் கியருக்கு இறங்கினாத்தான் நகரும். ஒரு வளைகாப்புக்குக் காலை டிபன் ஒரு மணி நேரம் லேட்டு. சமையல் தொழில்ல ஒரு மணி நேரம்கறது சின்ன விஷயம் இல்லை. அந்தக் குடும்பத்தோட அடுத்த மூணு விசேஷமும் போயிருச்சு.

முதல் தடவை ஒர்க்‌ஷாப் போனப்ப பிளக்கும் பிளக் ஒயரும் மாத்தினாங்க. அதுவரைக்கும் அப்பப்ப மிஸ் அடிச்சிட்டு இருந்தது நின்னுச்சு. இழுவை மட்டும் திரும்பலை. ரெண்டாவது தடவை பெட்ரோல் பம்ப்பும் ஃபில்டரும். மூணாவது தடவை இன்ஜெக்டர் கிளீனிங். மூணும் சேர்த்து பதினோராயிரம். நாலாவது தடவை போனப்ப தீர்ப்பு வந்துச்சு: "இன்ஜின் வீக்காயிருச்சுங்கண்ணா. இறக்கி போர் வேலை பார்க்கணும். முப்பதாயிரம் ஆகும்."

அந்த முப்பதாயிரத்தைக் குடுக்கறதா, வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளறதாங்கற யோசனையில இருந்தவரை, காரமடை பக்கம் ஷெட் வச்சிருக்கிற வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் எதையும் மாத்தலை. ரெண்டு கேஜ் எடுத்தார்.

முதல்ல கம்ப்ரஷன் கேஜ். பிளக்கெல்லாம் கழட்டி, பெட்ரோலையும் கரண்டையும் கட் பண்ணிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். மூணு சிலிண்டரும் 165, 170, 165 பி.எஸ்.ஐ. "இன்ஜின் நல்லாத்தான் இருக்குது. இதை எதுக்குங்க பிரிக்கணும்?" முப்பதாயிரம் அங்கயே மிச்சம்.

அடுத்தது வேக்குவம் கேஜ். ஐடிலிங்ல முள் 18 இன்ச்சுல ஆடாம நின்னுச்சு. 2500 ஆர்.பி.எம்.ல பிடிச்சு வச்சப்ப முள் கொஞ்ச நேரம் நின்னுட்டு மெதுவா சரிய ஆரம்பிச்சுது. 15, 13, 11... "புகை வெளிய போக வழியில்லீங்க"ன்னார். சந்தேகம் தீர, கேட்டலிட்டிக் கன்வெர்டருக்கு முன்னாடி இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா புகை போறபடி விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். சத்தம் காதைக் கிழிச்சுது. ஆனா வண்டி பறந்துச்சு.

கழட்டிப் பார்த்தா கன்வெர்டர் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்க வேண்டிய செராமிக், பாதி உருகிக் கட்டியா நின்னுட்டு இருந்துது. கதையை அவரே கோர்த்துச் சொன்னார். பிளக் ஒயர் கசிஞ்சு மாசக்கணக்குல மிஸ் அடிச்சிருக்கு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கன்வெர்டருக்குள்ள எரிஞ்சிருக்கு. அந்தச் சூட்டுல அது உருகிடுச்சு. அதனால முதல் ஒர்க்‌ஷாப் ஒயரை மாத்தினது தப்பில்லை. மாத்தின பிறகும் இழுவை வரலையே, அப்ப வேற எங்கயோ அடைப்பு இருக்கேன்னு அளக்காம விட்டதுதான் தப்பு.

புது கன்வெர்டர் போட்ட செலவு, இன்ஜின் வேலைக்குச் சொன்னதுல கால்வாசிதான். பரிசோதனைக்கு அவர் கேட்டது நானூறு ரூபாய். நம்ம மாஸ்டர் ஒரு நிமிஷம் முழிச்சார். "பார்த்ததுக்கா?" பெரியவர் சிரிச்சுட்டே சொன்னார்: "இதைத்தானுங்க எல்லாரும் கேக்கறாங்க. அதனாலதான் எல்லாரும் பார்க்காமயே மாத்தறாங்க."

மொத்தச் செலவுல பைசாவுக்குப் பைசா பலன் கொடுத்தது அந்த நானூறுதான்.

இன்ஜினுக்கு வேண்டியது அஞ்சு

அளக்கறதுன்னா என்னத்தை அளக்கறதுன்னு கேக்கறவங்களுக்காக. பெட்ரோல் இன்ஜினுக்கு அடிப்படைத் தேவை அஞ்சே அஞ்சு. காத்து உள்ளே வரணும். சரியான அளவு பெட்ரோல் கலக்கணும். அந்தக் கலவை நல்லா அமுங்கணும். சரியான நேரத்துல பொறி விழணும். எரிஞ்ச புகை தடையில்லாம வெளியே போகணும். இழுவை போச்சுன்னா இந்த அஞ்சுல ஒண்ணு குறையுதுன்னு அர்த்தம். இல்லைன்னா இன்ஜின் குடுக்கிற சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம்.

இந்தக் கடைசி வரியைத்தான் முதல்ல பார்க்கணும், ஏன்னா செலவே இல்லை. டாப் கியர்ல போயிட்டு இருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினா இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலையா? கிளட்ச் வழுக்குது. அந்த வண்டிக்குப் பிளக் மாத்திப் பிரயோஜனமில்லை. கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் போடாம ஓட்டிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்துப் பக்கத்துலயும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க (தொட்டுராதீங்க, சுட்டுரும்). ஒரு சக்கரம் மட்டும் அனல் அடிச்சா பிரேக் பிடிச்சபடியே ஓடுதுன்னு அர்த்தம். டயர்ல காத்து குறைஞ்சிருந்தாலும் வண்டி இழுக்காத மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது காத்து. ஏர் ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. அதைவிட எளிசு ஒண்ணு இருக்கு, பல பேர் பார்க்கிறதே இல்லை. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒருத்தர் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கணும், இன்னொருத்தர் பானெட்டைத் திறந்து த்ராட்டில் முழுசா திறக்குதான்னு பார்க்கணும். பழைய கேபிள் தொய்ஞ்சு போயிருந்தா, இல்லை பெடலுக்கு அடியில மிதியடி மடிஞ்சு கிடந்தா, பாதிதான் திறக்கும். பாதி திறந்தா பாதி இழுவை. இதுக்கு மருந்து ஒரு ஸ்பேனர்.

பிறகு பொறி. கழட்டின பிளக்கைத் தூக்கிப் போடாதீங்க, அது ஒரு கடிதாசு. நுனி இளம் பழுப்பா இருந்தா சௌக்கியம். கறுப்பா, காய்ஞ்ச கரியா இருந்தா பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா ஆயில் மேல ஏறுது. வெள்ளையா வெந்த மாதிரி இருந்தா பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். எந்த சிலிண்டர் பிளக் எதுன்னு வரிசை மாறாம வச்சுப் பார்த்தா, ஒரே சிலிண்டர்ல பிரச்சினையா, எல்லாத்துலயுமான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும். பிளக் ஒயர் கசியுதான்னு பார்க்க ராத்திரியில லைட்டை அணைச்சுட்டு இன்ஜினை ஓட விட்டு எட்ட நின்னு பாருங்க. கசிஞ்சா நீலப் பொறி தாவறது கண்ணுக்கே தெரியும். டெல்கோ வச்ச பழைய வண்டின்னா அதோட பக்கத்துல வட்டமா வேக்குவம் அட்வான்ஸ் டப்பா ஒண்ணு இருக்கும். அதுக்குப் போற குழாயைக் கழட்டி வாயால உறிஞ்சிப் பாருங்க. காத்து நிக்காம வந்துட்டே இருந்தா உள்ளே இருக்கிற சவ்வு கிழிஞ்சாச்சு. ஒரே சீரா ஓட்டும்போது வண்டி மந்தமா இருக்கிறதுக்கும் மைலேஜ் குறையறதுக்கும் இது ஒரு பழைய, பலரும் மறந்த காரணம்.

பெட்ரோல். இங்கதான் எல்லாரும் நேரா பம்ப்புல கை வைக்கிறாங்க. ஃபில்டர் அடைச்சிருக்கலாம். டேங்க் மூடியில காத்து போற வழி அடைச்சிருக்கலாம். கொஞ்ச நேரம் ஓடின பிறகு வண்டி திணறுது, மூடியைத் திறந்தா "புஸ்"ஸுன்னு காத்து உள்ளே இழுக்குது, மறுபடி ஓடுதுன்னா குற்றவாளி மூடிதான், பம்ப் இல்லை. பம்ப்பையே சந்தேகப்பட்டாலும் பிரஷர் கேஜ் மாட்டி, வண்டி புத்தகத்துல போட்டிருக்கிற அளவோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு மாத்தலாமே. அதுவும் ஐடிலிங்ல மட்டும் பார்த்தா போதாது. லோடு ஏறும்போது பிரஷர் விழுதான்னு பார்க்கணும்.

அமுக்கம், அதாவது கம்ப்ரஷன். நல்ல பெட்ரோல் இன்ஜின்ல பொதுவா 150 பி.எஸ்.ஐ.க்கு மேல இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும். ஆனா எண்ணை விட முக்கியம் சிலிண்டர்களுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம். 10, 15 சதவீதத்துக்கு மேல போனா கவனிக்கணும். குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தா, அளவு ஏறினா ரிங் தேய்மானம். ஏறலைன்னா வால்வு, இல்லை ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து குறைஞ்சிருந்தா கேஸ்கெட் மேலதான் முதல் சந்தேகம். எல்லாமே ஒரே அளவுக்குக் குறைஞ்சிருந்தா டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கான்னு பாருங்க. இன்ஜினை இறக்கச் சொல்ற எவரும் இந்த நம்பரை உங்ககிட்ட எழுதிக் குடுக்காம இறக்கச் சொல்லக் கூடாது.

கடைசியா புகை. மேல சொன்ன வேன் கதை அதுதான். 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்டர் கட்டாயமாச்சு, பிறகு எல்லா ஊருக்கும் வந்துச்சு. அப்ப வந்த வண்டிகள் எல்லாம் இப்பக் கிழங்கள். சைலன்சர் அடைப்புங்கறது அன்னைய மெக்கானிக்குகளுக்கு அபூர்வம். இன்னைக்கு அது சகஜமான சந்தேகமா இருக்கணும். இன்னொண்ணு. அடைச்ச கன்வெர்டரை "உள்ள இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டு வெறும் டப்பாவா மாட்டிரலாம்"னு யோசனை சொல்வாங்க. வேண்டாம். பின்னாடி வர்ற டூவீலர்காரர் மூச்சுல போய்ச் சேர்ற விஷம் அது. சட்டப்படியும் தப்பு. அது ஏன் அடைச்சுதுங்கற கேள்வியும் அப்படியே நின்னு போயிரும்.

ஸ்கேனர் போட்டா எல்லாம் தெரிஞ்சுராதான்னு கேப்பீங்க. ஓ.பி.டி. நம்ம நாட்டுல கட்டாயமானதே 2010ல, அதோட ரெண்டாம் கட்டம் 2013ல. அதுக்கு முந்தின வண்டிகள்ல பாதிக்கு ஸ்கேனர் பேசற பாஷை புரியாது. பேசினாலும் "ஆக்சிஜன் சென்சார் கோளாறு"ன்னு அது சொன்னா, சென்சார் கெட்டுப் போச்சுன்னு மட்டும் அர்த்தம் இல்லை, சென்சார் எதையோ பார்த்துக் கத்துதுன்னும் அர்த்தம். சேதி கொண்டு வந்தவனைத் தூக்குல போடற கதை ஆயிரும்.

இ20 மேல பழி போடலாமா?

இப்ப புதுசா ஒரு சந்தேகம் சேர்ந்திருக்கு. வண்டி இருமினாலும் தும்மினாலும் "எல்லாம் எத்தனால் பண்ற வேலை". 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023ல அறிமுகமாகி 2025க்குள்ள நாடு முழுக்கப் பரவிருச்சு. பழைய வண்டிக்காரங்க கோபம் நியாயமானதுதான். நம்மகிட்ட யாரும் கேக்கலை, பழைய பெட்ரோல் வேணும்னா கிடைக்கிறதும் இல்லை.

ஆனா கணக்கைப் பாருங்க. எத்தனால்ல லிட்டருக்கு இருக்கிற சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு குறைவு. அஞ்சுல ஒரு பங்கு எத்தனால்னா மொத்தத்துல 6, 7 சதவீதம் குறையும். எத்தனாலுக்குன்னு வடிவமைக்காத பழைய கார்கள்ல மைலேஜ் இதே 6-7 சதவீதம் குறையும்னு நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையே சொல்லுது. மைலேஜ்ல அந்தக் குறை தெரியும். ஆனா செகண்ட் கியர்ல ஏறின ஏத்தத்துக்கு ஃபர்ஸ்ட் கியர் போட வைக்கிற குறை அது இல்லை. அவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு வேற காரணம் தேடணும்.

கார்புரேட்டர் வண்டியில கதை கொஞ்சம் வேற. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னா எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இன்ஜெக்டர் வண்டி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கும். கார்புரேட்டர் ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. கலவை மெலிஞ்சு திணறும். அதோட டேங்க்ல பல வருஷம் படிஞ்ச பிசின் இளகி ஃபில்டர்ல வந்து அடைக்கும். பழைய ரப்பர் குழாய் ஊதி, வெடிச்சு, கசியும். இது தீப்பிடிக்கிற சமாச்சாரம், உடனே மாத்துங்க. ஆக, இ20 சில வண்டிகள்ல நிஜமான குற்றவாளிதான். ஆனா அதையும் பிளக் நிறத்தையும் ஃபில்டரையும் பார்த்துத்தான் சொல்லணும், வாட்ஸப் பார்வர்டைப் பார்த்து இல்லை.

இதே மாதிரி இன்னொரு அப்பாவிக் காரணமும் உண்டு. உயரம். டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டர் ஏற ஏற சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஊட்டி 2240 மீட்டர். அங்க எந்தப் பழைய பெட்ரோல் வண்டியும் அஞ்சுல ஒரு பங்கு சக்தியைக் கீழயே விட்டுட்டுத்தான் வந்து நிக்கும். காத்தே மெலிசுங்க அங்க. ஊட்டியில பிக்கப் இல்லைன்னு ஒர்க்‌ஷாப் தேடறதுக்கு முன்னாடி, மலை இறங்கி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. நம்ம மாஸ்டர் வேன் அடிவாரத்துலயே திணறுச்சு, அதனால உயரம் மேல பழி போட முடியலை. எப்ப, எங்க, எந்த கியர்ல, சூடானப்புறமா, திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா... இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வச்சுக்கிட்டுப் போனாலே பாதி வேலை முடிஞ்சுது.

மெக்கானிக் ஏன் அளக்கறதில்லை?

சரி, மெக்கானிக்கைத் திட்டிட்டு முடிச்சுரலாமா? அது சுலபம். ஆனா அவர் இடத்துல நின்னு பாருங்க. ஒரு மணி நேரம் கேஜ் மாட்டி, ஓட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்லீங்க, கேபிள்தான் தொய்ஞ்சிருக்குது"ன்னு சரி பண்ணிக் குடுத்தா நாம என்ன குடுப்போம்? அம்பது ரூபாய். அதுவும் "ஒரு நட்டு திருகினதுக்கா?"ன்னு கேட்டுட்டு. அதே ஆள் பம்ப்பை மாத்தினா அதுல அவருக்கு மார்ஜின், கூலி ரெண்டும் உண்டு. நாமும் பழைய பம்ப்பைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, ஏதோ நடந்திருக்குன்னு திருப்தியா வீட்டுக்குப் போவோம். மூளைக்குச் சம்பளம் இல்லை, இரும்புக்கு மட்டும் உண்டுங்கற இடத்துல இரும்புதான் விக்கும்.

இங்க படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டறவங்க. உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புரோகிராம் ஸ்லோவா ஓடுதுன்னா லாக் பார்க்காம ஒரே நேரத்துல நாலு இடத்துல கை வச்சு மாத்தறவரை உங்க டீம்ல என்ன சொல்வீங்க? ஒரு நேரத்துல ஒண்ணை மாத்து, மாத்தினதும் ஓட்டிப் பாரு, பலன் இல்லைன்னா பழசையே திருப்பிப் போடுன்னுதானே சொல்வீங்க? அந்த ஒழுங்கை நம்ம வண்டிக்கும் கேட்டு வாங்கலாம். ஆபீஸ்ல ஆணி பிடுங்கறதுக்கு ஒரு நியாயம், ஒர்க்‌ஷாப்புல பிடுங்கறதுக்கு வேற நியாயமா? :-)

"இருபது வருஷ வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?"ன்னு ஞானி மறுபடி வருவார். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. 15 வருஷம் தாண்டின கார்களோட மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு, 20 வருஷம் தாண்டினதுக்கு 2025ல 10,000 ஆச்சு. கம்ப்ரஷன் போய், சேஸிஸ் துருப்பிடிச்சு, புகை கக்கற வண்டியை வச்சுக்கிட்டு அழறதுல அர்த்தமில்லை. அதைக் கழிக்கத்தான் வேணும். ஆனா கழிக்கறதா, வச்சுக்கறதாங்கற முடிவையே அளந்து பார்த்துத்தானே எடுக்கணும்? நல்ல கம்ப்ரஷன் இருக்கிற இன்ஜினை, அடைச்சுப் போன ஒரு சைலன்சர் டப்பாவுக்காகக் காயலான் கடைக்கு அனுப்பறது சிக்கனமும் இல்லை, சுற்றுச்சூழல் பாசமும் இல்லை. அந்த மாஸ்டர் மாதிரி ஆளுக்குப் புது வேன்னா அஞ்சு வருஷம் மாசாமாசம் தவணை. வட்டி கட்டறதுக்காகவே அண்டா கழுவணும்.

அதனால நான் சொல்றது ரொம்பச் சின்ன விஷயம். அடுத்த தடவை வண்டி இழுக்கலைன்னு ஒர்க்‌ஷாப் போனா, "என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. "பார்த்துச் சொல்றதுக்கு எவ்வளவு?"ன்னு கேளுங்க. அந்தக் காசைத் தனியா, முதல்லயே, பேரம் பேசாம குடுங்க. பதிலுக்கு ரெண்டு கேளுங்க: ஒண்ணு, அளந்த நம்பர்களை ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தரணும். ரெண்டு, ஒண்ணை மாத்தினதும் உங்களைப் பக்கத்துல உக்கார வச்சு அதே ஏத்தத்துல ஓட்டிக் காட்டணும். "கேஜெல்லாம் எதுக்குங்க, சத்தத்தை வச்சே சொல்லிருவேன்"னு சொல்ற ஆள் நிஜமாவே மேதையா இருக்கலாம். மேதைக்கும் பத்து நிமிஷத்துல ஒரு கேஜ் மாட்டறது கஷ்டமில்லை.

அப்படிப்பட்ட ஒர்க்‌ஷாப் பக்கத்துல இல்லைன்னா, கம்ப்ரஷன் கேஜ், வேக்குவம் கேஜ் ரெண்டையும் நீங்களே வாங்கிக்கலாம். ரெண்டும் சேர்ந்து ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோல் விலைக்குள்ள அடங்கும். நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கினா ஆளுக்கு ஒரு சாப்பாட்டுச் செலவுதான்.

உங்க ஊர்ல பார்க்கறதுக்குன்னு தனியா கூலி வாங்கிட்டு, அளந்து பார்த்து வேலை செய்யற ஆள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல ஊர்ப் பேரோட சொல்லுங்க மக்களே. அந்த மாதிரி ஆளுங்க கையில நாலு காசு புரண்டாத்தான் அவங்ககிட்ட வேலை கத்துக்க வர்ற பையனும் ஸ்பேனருக்கு முன்னாடி கேஜை எடுப்பான்.